வெண்ணெய்ப்பழத்தில் இருப்பது கொலஸ்ட்ராலா? தாவர ஸ்டெராலை நம் உடல் என்ன செய்கிறது?

தாண்டிக்குடித் தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் தாண்டிக்குடியில் காப்பியும் மிளகுமாக மூன்று ஏக்கர் இருக்கிறது. காப்பிக்கு நிழலாக இருக்கட்டும் என்று அப்பா வைத்த வெண்ணெய்ப்பழ (அவகேடோ) மரங்கள்தான் இப்போது வீட்டுச் செலவில் பாதியைத் தாங்குகின்றன. இரண்டு மரங்கள் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.டி.-1 ரகம். மற்றவை அப்பா கொட்டை போட்டு வளர்த்தவை.

அப்பாவுக்கு 68 வயது. போன மாதம் இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 167 என்று வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அப்பா தன் மரத்துப் பழத்தைத் தொடுவதில்லை. "பேரிலேயே வெண்ணெய் இருக்கிறது. அறுத்தால் கத்தியில் எண்ணெய் மினுமினுக்கிறது. இது கொழுப்பு இல்லாமல் வேறென்ன?" என்கிறார். நேற்று ஒரு பழத்தைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே கொட்டை குலுங்கும் சத்தம் கேட்டதும் "பழுத்துவிட்டது" என்று என் மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பழம் எடுக்க வரும் வியாபாரி, "இதில் இருப்பது தாவரக் கொலஸ்ட்ரால், அதுவும் இரத்தக் குழாயில் படியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, அந்தத் தாவரச் சத்து கெட்ட கொழுப்பைக் கரைத்துவிடும் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? சாப்பிடலாமா கூடாதா என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. அந்தப் பொருள் வாய்க்குள் போனபின் உடல் அதை என்னதான் செய்கிறது என்று தெரிய வேண்டும். அப்பாவிடம் காரணத்தோடு சொன்னால்தான் எடுபடும்.

பண்ணைக்காடு செவிலியர்

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெண்ணெய்ப்பழத்தில் கொலஸ்ட்ரால் இல்லை. அதில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் இருப்பது. நம் ஊரில் கொழுப்பு, எண்ணெய், கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். "எனக்குக் கொழுப்பு இருக்கிறது" என்று வருபவர்களில் பலர் வேர்க்கடலையையும் நல்லெண்ணெயையும் நிறுத்திவிட்டு, டீக்கடை வடையை மட்டும் நிறுத்தாமல் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

அப்பா பழம் சாப்பிடட்டும். பழம் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். வியாபாரி தாவரக் கொலஸ்ட்ரால் என்றது தாவர ஸ்டெராலைத்தான். அதைப் பற்றி உயிர்வேதி ஐயா வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

உயிர்வேதி (பெருமாள்மலை)

செவிலியர் அழைத்ததால் வந்தேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இதைத்தான் நடத்தினேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை. நம் செல்களின் சவ்வு ஒரேயடியாக இளகிவிடாமலும் விறைத்துவிடாமலும் இருக்கக் கொலஸ்ட்ரால் வேண்டும். செடிக்கும் சவ்வு உண்டு. அந்த வேலைக்கு அது தன் ஸ்டெரால்களை வைத்திருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் தெரிய வந்திருக்கின்றன. நம் சாப்பாட்டில் அதிகம் வருபவை ஸிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் என்ற மூன்று. வடிவத்தில் இவை கொலஸ்ட்ராலின் உடன்பிறந்தவை போல இருக்கும். கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள். கேம்பெஸ்டெராலில் வால் பக்கம் ஒன்று கூடுதலாக 28. ஸிட்டோஸ்டெராலில் இரண்டு கூடுதலாக 29. கூடுதலாக ஒட்டியிருக்கும் அந்த ஒன்றிரண்டு அணுக்களைத்தான் உடல் கண்டுபிடித்துவிடுகிறது.

உணவில் இந்த ஸ்டெரால் தனியாகவும் இருக்கும், கொழுப்பு அமிலத்தோடு பிணைந்தும் இருக்கும். பிணைந்து வருவதைக் கணைய நீரில் உள்ள நொதி சிறுகுடலில் அறுத்துவிடுகிறது. ஸ்டெரால் தண்ணீரில் கரையாது. எனவே பித்த உப்புகள் அதைச் சூழ்ந்து மிகச் சிறிய துளிகளாக்கிக் குடல் சுவர் வரை கொண்டு போகின்றன. மிசெல் என்பது அந்தத் துளியின் பெயர். ஒரு மிசெலில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற அளவு உண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தாவர ஸ்டெரால் ஏறி உட்கார்ந்தால் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதிக்கு இடமில்லை. அது கீழேயே நின்று மலத்தோடு வெளியேறுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "கரைத்துவிடும்" என்றது இதைத்தான். உண்மையில் கரைப்பது எதுவுமில்லை, இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் நடக்கிறது.

குடல் சுவர்ச் செல்லில் என்.பி.சி.1 எல்.1 என்ற புரதம் கதவு போல இருக்கிறது. இதுதான் கதவு என்பது 2004-இல்தான் தெரிந்தது. கொலஸ்ட்ராலும் தாவர ஸ்டெராலும் இந்தக் கதவு வழியாகவே நுழைகின்றன. வாசலில் பெரிய பாகுபாடு இல்லை. வேறுபாடு உள்ளே போனபின்தான். செல்லுக்குள் ஒரு நொதி கொலஸ்ட்ராலோடு கொழுப்பு அமிலத்தைச் சேர்த்துக் கட்டி, மூட்டையாக்கி நிணநீருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது இரத்தத்துக்கு வருகிறது. ஸிட்டோஸ்டெராலைக் கட்ட அந்த நொதிக்கு மனமில்லை. கட்டப்படாமல் நிற்பதை ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்ற இரண்டு புரதங்கள் சோடி சேர்ந்து, பம்பு போல இறைத்து, வந்த வழியே குடலுக்குள் தள்ளிவிடுகின்றன.

இத்தனைக்கும் தப்பி இரத்தத்துக்குப் போவது ஸிட்டோஸ்டெராலில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழ். கேம்பெஸ்டெராலில் அதைவிடச் சற்று அதிகம். கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதி உள்ளே போய்விடுகிறது. தப்பிப் போன தாவர ஸ்டெராலையும் கல்லீரல் விடுவதில்லை. அங்கேயும் அதே சோடிப் பம்பு இருக்கிறது. பித்தநீரில் கலந்து மறுபடி குடலுக்கு அனுப்பிவிடும். அதனால்தான், நாள்தோறும் நாம் உண்ணும் தாவர ஸ்டெரால் கொலஸ்ட்ராலுக்குக் குறையாத அளவில் இருந்தும், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் 150, 200 மி.கி. என்று இருக்க, தாவர ஸ்டெரால் 1 மி.கி. கூட இருப்பதில்லை.

ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள்: வியாபாரி சொன்ன பொருள் பழத்தில் இருப்பது மெய். அது குழாயில் படியும் அளவுக்கு உள்ளே தங்குவதில்லை என்பதும் மெய்.

தாண்டிக்குடித் தோட்டம்

ஐயா, மிக்க நன்றி. இரவு சாப்பாட்டுக்குப் பின் அப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன். புரதம், நொதி என்றெல்லாம் சொன்னால் எழுந்து போய்விடுவார். எனவே இ-பாஸ் கதையாகச் சொன்னேன். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் அல்லவா? "வாசலில் இரண்டு வண்டியும் நுழைந்துவிடும் அப்பா, உள்ளே ஒருவர் சீட்டைப் பார்ப்பார், சீட்டு இல்லாத வண்டியைத் திருப்பி மலையிறக்கிவிடுவார்" என்றேன்.

அப்பா உடனே கேட்டார்: "திருப்பி அனுப்புகிற ஆள் அன்று வேலைக்கு வராவிட்டால்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்றும் கேட்டார். "நான் கறி, முட்டை எதுவும் தொடாதவன். என் குடலில் கொலஸ்ட்ராலே வராதபோது பஸ்ஸில் எதற்கு இடம் பிடிக்க வேண்டும்?"

உயிர்வேதி (பெருமாள்மலை)

உங்கள் அப்பா என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பேன். இரண்டும் சரியான கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிட்டு வருவது அல்ல, உடலே செய்துகொள்வது. கல்லீரல் பித்தநீர் வழியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிராம் கொலஸ்ட்ராலைக் குடலுக்குள் இறக்குகிறது. உணவில் வருவதைவிட அது பல மடங்கு. அதில் பாதி மறுபடி உள்ளே உறிஞ்சப்படும். சுத்த சைவருக்கும் இதே நிலைதான். தாவர ஸ்டெரால் இடம் பிடிக்கும்போது பித்தத்தில் வந்த கொலஸ்ட்ராலும் திரும்ப ஏற முடியாமல் போகிறது. வரவு குறைந்த கல்லீரல் இரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது, எல்.டி.எல். இறங்குகிறது. கூடவே கல்லீரல் தன் உற்பத்தியைச் சற்றுக் கூட்டவும் செய்யும். அதனால்தான் இறக்கம் ஓரளவோடு நின்றுவிடுகிறது.

"ஆள் வராவிட்டால்" என்ற கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

பூம்பாறை இளைஞன்

ஐயா, இணையத்தில் தாவர ஸ்டெரால் மாத்திரை விற்கிறார்கள். வெளிநாட்டில் ரொட்டியில் தடவும் மார்கரினிலேயே கலந்து விற்பதாகவும் படித்தேன். நாம் பட்டர் பீன்ஸ், பட்டாணி, கேரட் என்று தினமும் சாப்பிடுகிறோமே. இதிலேயே போதுமான அளவு கிடைத்துவிடாதா?

உயிர்வேதி (பெருமாள்மலை)

கிடைக்காது தம்பி. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் இறங்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் தாவர ஸ்டெரால் வேண்டும். சாதாரண உணவில் வருவது 200 முதல் 400 மி.கி. வரை, சைவ உணவில் கொஞ்சம் கூடும். பழங்களிலேயே அதிகமாக உள்ள வெண்ணெய்ப்பழத்திலும் 100 கிராம் சதையில் 75 மி.கி. அளவில்தான் இருக்கிறது. பழத்தை மட்டும் நம்பினால் தினமும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் 1995-இல் பின்லாந்தில் ஸ்டானால் கலந்த மார்கரினைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டானால் என்பது ஸ்டெராலில் உள்ள இரட்டைப் பிணைப்பை நீக்கிய வடிவம், இன்னும் குறைவாகவே உள்ளே போகும். எண்ணம் அதற்கும் முந்தியது. சோயா ஸ்டெரால் கலந்த தீவனம் கோழிகளில் கொலஸ்ட்ரால் ஏறாமல் தடுக்கிறது என்பதை 1951-லேயே காட்டிவிட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நாளுக்கு 3 கிராமுக்கு மேல் போனால் பயன் கூடுவதில்லை. அடுத்தது, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினையும் இது இரத்தத்தில் கொஞ்சம் குறைத்துவிடும், ஏனென்றால் அதுவும் அதே பஸ்ஸில் வருவதுதான். அதனால் இத்தகைய பொருள்களை எடுப்பவர்கள் காய்கறியைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். மன்னவனூர் கேரட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நமக்கு அது சிரமமில்லை.

மாத்திரை வாங்குவது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். எல்.டி.எல். இறங்குவது நிரூபிக்கப்பட்டது. மாரடைப்பு குறைந்தது என்று நேரடியாகக் காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. மருத்துவர் எழுதிய மாத்திரைக்கு மாற்றாக இதை வாங்காதீர்கள்.

செக்கு எண்ணெய் (ஒட்டன்சத்திரம்)

எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்களிடம் வருபவர்கள் எல்லோரும் எது கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் என்றுதான் கேட்கிறார்கள். செக்கில் ஆட்டும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தாவர ஸ்டெரால் எதில் அதிகம் ஐயா?

உயிர்வேதி (பெருமாள்மலை)

தவிட்டு எண்ணெய் முதலிடம். 100 கிராமில் 1 கிராமுக்கும் மேல் உண்டு. நல்லெண்ணெயில் அரை கிராம் அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். கடலை எண்ணெயில் 200 மி.கி. அளவு, தேங்காய் எண்ணெயில் 100 மி.கி.யை ஒட்டி. சுத்திகரிக்கும்போது ஒரு பகுதி போய்விடும். செக்கில் ஆட்டியதில் அந்த இழப்பு இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 20 கிராம் எண்ணெய்தான் ஊற்றுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டெராலுக்காக எண்ணெயைக் கூட்டினால் நட்டம் நமக்குத்தான்.

மலைத்தேனீ

இந்த இழையைப் படித்ததும் என் பெட்டிகளைப் பற்றி எழுதத் தோன்றியது. இருபது ஆண்டாகத் தேனீ வளர்க்கிறேன். பூச்சிகளால் ஸ்டெராலைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. நமக்குக் கல்லீரல் செய்து தருவதை அவை வாயால் தேடித்தான் பெற வேண்டும். பட்டுப்புழு முசுக்கொட்டை இலையில் இருக்கும் ஸிட்டோஸ்டெராலை எடுத்து, ஐயா சொன்ன அந்தக் கூடுதல் அணுக்களை வெட்டிவிட்டுக் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கிறது. தேனீக்கு அந்த வெட்டும் வித்தையும் இல்லை. மகரந்தத்தில் இருக்கும் 24-மெத்திலீன் கொலஸ்ட்ரால் என்ற ஸ்டெராலை அப்படியே எடுத்து, தாதித் தேனீக்கள் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழில் சேர்க்கின்றன. மகரந்தம் இல்லாத நாட்களில் வெறும் சர்க்கரைப் பாகு வைத்தால் கூட்டம் பெருகாததற்கு இதுவும் ஒரு காரணம். மழை மாதத்தில் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால், பாகு வாய்வரை நிறைந்திருக்கும், நடுவில் குஞ்சு அறைகள் காலியாகக் கிடக்கும். நாம் வாசலோடு திருப்பி அனுப்பும் பொருளுக்காக ஒரு பூச்சி மலை முழுக்கப் பறந்து திரிகிறது.

மனிதனுக்கு அந்த வெட்டும் நொதி உண்டா ஐயா?

உயிர்வேதி (பெருமாள்மலை)

இல்லை. நம்மால் ஸிட்டோஸ்டெராலைக் கொலஸ்ட்ராலாக மாற்ற முடியாது. உடைத்து எரிக்கவும் முடியாது. வெளியேற்றுவது ஒன்றே வழி. உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போவதில் ஒரு பகுதியை அங்குள்ள நுண்ணுயிர்கள் வேறு ஸ்டானால்களாக மாற்றுகின்றன. பழைய மண்ணில் கிடக்கும் சாணம் ஆடுமாடுகளுடையதா மனிதருடையதா என்று தொல்லியலார் பிரித்தறிவது இத்தகைய பொருள்களை வைத்துத்தான்.

இதையொட்டி ஒன்று. நம் மலைப் பழங்குடியினரான பளியர்கள் தோண்டி உண்ணும் காட்டு வள்ளிக்கிழங்கு இனத்தில் டயோஸ்ஜெனின் என்ற உறவுப் பொருள் உண்டு. 1940-களில் மெக்சிகோவில் ரசல் மார்க்கர் அத்தகைய கிழங்கிலிருந்து புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தயாரித்தார். பெர்சி ஜூலியன் சோயாவின் ஸ்டிக்மாஸ்டெராலிலிருந்து அதையே செய்தார். இதைப் படித்துவிட்டுக் கிழங்கு தின்றால் ஹார்மோன் ஊறும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஊறாது. அது ஆலையில் நடக்கும் வேதிமாற்றம், நம் உடலில் நடப்பதில்லை.

வத்தலக்குண்டு அம்மா

நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாண்டிக்குடித் தம்பியின் அப்பா கேட்ட கேள்வி என்னை எழுத வைத்துவிட்டது. திருப்பி அனுப்புகிற ஆள் வேலைக்கே வராத வீடு எங்களுடையது.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஐந்து வயதில் முழங்கையில் மஞ்சளாக, பட்டாணி அளவில் ஒரு மேடு வந்தது. வலி இல்லை. தொட்டால் மெழுகு போல இருக்கும். பிறகு முழங்காலில், குதிகாலுக்கு மேலே நரம்பு மாதிரி இருக்கும் இடத்தில், உட்காரும் இடத்தில் எல்லாம் வந்தது. ஒரு பெரிய ஊரில், ஒரு பெரிய மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்துக் கொலஸ்ட்ரால் 460 என்றார்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் என்று எழுதினார்கள். எனக்கும் என் கணவருக்கும் பார்த்தால் இருவருக்கும் சாதாரண அளவு. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நெய், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். "நல்ல கொழுப்புக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அப்படியே செய்தேன். நல்லெண்ணெயில்தான் தாளிப்பு. காலையில் ஊற வைத்த பாதாம். பள்ளிக்கு எள்ளுருண்டை. வாரம் இரண்டு நாள் அம்மா வீட்டு மரத்து வெண்ணெய்ப்பழம். ஒன்றரை ஆண்டு என் கையாலேயே ஊட்டினேன். மேடுகள் பெரிதாகிக்கொண்டே போயின. மாத்திரை கொடுத்தும் அளவு இறங்கவில்லை. "நீங்கள் வீட்டில் ஒழுங்காகப் பத்தியம் பார்ப்பதில்லை" என்று என்னிடம் சொன்னார்கள். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

பிறகு வேறு ஊரில் மரபணு பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் எங்கள் இருவரின் கொலஸ்ட்ராலையும் பார்த்தார். சொந்தத்தில் திருமணமா என்று கேட்டார். ஆம், என் கணவர் என் தாய்மாமன் மகன். உடனே தாவர ஸ்டெராலைத் தனியாக அளக்க இரத்தம் அனுப்பினார். ஸிட்டோஸ்டெராலே மலை போல இருந்தது. ஸிட்டோஸ்டெரோலீமியா என்று பெயர் சொன்னார். நான் ஊட்டிய எள்ளும் பாதாமும்தான் என் பிள்ளையின் முழங்கையில் மஞ்சளாக நின்றிருக்கிறது.

பண்ணைக்காடு செவிலியர்

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது உங்கள் பிழை இல்லை. உங்களிடம் சொன்னதை ஒரு வரி விடாமல் செய்திருக்கிறீர்கள்.

நான் முன்பு பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்து, வாயால் பால் குடிக்க முடியாத குழந்தைகளுக்கு ஊசி வழியாகக் கொழுப்புச் சத்து ஏற்றுவார்கள். அது சோயா எண்ணெயில் செய்த பால்போன்ற திரவம். அதில் தாவர ஸ்டெரால் இருக்கும். வாய் வழியாக வந்திருந்தால் குடல் தள்ளியிருக்கும். ஊசி வழியாகப் போவதால் வாசலையே பார்க்காமல் நேராக இரத்தத்துக்குப் போய்விடுகிறது. வாரக்கணக்கில் ஏற்றும்போது சில குழந்தைகளுக்குப் பித்தம் தேங்கி, கண் மஞ்சளாகி, கல்லீரல் கெடும். அதற்கு இந்த ஸ்டெராலும் ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது. அத்தகைய குழந்தைகளுக்கு மீன் எண்ணெயில் செய்த திரவத்தைக் கொடுக்கிறார்கள், அதில் தாவர ஸ்டெரால் மிகக் குறைவு. குடலின் அந்தப் பம்பு எவ்வளவு பெரிய காவல் என்பதை அந்தச் சின்ன முகங்களில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

உயிர்வேதி (பெருமாள்மலை)

அம்மா, நான் நாளை எழுதுகிறேன் என்று ஒத்திவைத்ததை நீங்கள் உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதிவிட்டீர்கள். மற்றவர்களுக்காகச் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

இந்த நோயை 1974-இல் பட்டாச்சார்யா, கானர் என்ற இருவர் அமெரிக்காவில் இரண்டு சகோதரிகளிடம் கண்டு எழுதினார்கள். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டித்தான் காரணம் தெரிந்தது: அந்தச் சோடிப் பம்பில் ஒன்றின் மரபணு பழுது. சொல்லப்போனால் அப்படி ஒரு பம்பு இருக்கிறது என்பதையே இந்த நோயாளிகள் வழியாகத்தான் அறிவியல் தெரிந்துகொண்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ள பெற்றோருக்குப் பொதுவாக எதுவும் தெரியாது. பெற்றோர் இருவருக்கும் சாதாரண அளவு, பிள்ளைக்கு மட்டும் மலையளவு என்றால் மருத்துவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் பக்கத்தில் இது அதிகம் நினைவில் இருக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு பொறி பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் சோதனையில் பயன்படும் நொதி ஸிட்டோஸ்டெராலையும் கொலஸ்ட்ரால் என்றே எண்ணிவிடும். வாயு நிறப்பகுப்பு போன்ற முறையில் தனித்தனியாகப் பிரித்து அளந்தால்தான் உண்மை தெரியும். இந்நோயில் சிவப்பணுக்கள் உடைவதும், தட்டணுக்கள் எண்ணிக்கை குறைந்து உருவம் பெருத்திருப்பதும் உண்டு. அதை மட்டும் பார்த்து இரத்த நோய் என்று திசைமாறிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அம்மா, குழந்தைக்கு எசெடிமைப் கொடுக்கிறார்களா?

வத்தலக்குண்டு அம்மா

ஆம் ஐயா, அதேதான். கதவையே அடைத்துவிடும் மருந்து என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். நீங்கள் எழுதிய என்.பி.சி. கதவு அதுதான் என்று இப்போது புரிகிறது. மருந்தும் பத்தியமுமாக ஏழு மாதத்தில் 460 என்பது 190-க்கு வந்தது. முழங்கை மேடு தட்டையாகிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் லேசாக மஞ்சள் தெரியும். தினமும் குளிப்பாட்டும்போது விரலால் தடவிப் பார்த்துவிடுகிறேன்.

பத்தியம் ஊர் உலகத்துக்குச் சொல்வதற்கு நேர்மாறு. எள், கொட்டைப் பருப்புகள், சாக்லேட், மார்கரின், சிப்பி, நண்டு எதுவும் கூடாது. தவிடு போகாத அரிசிக்குப் பதில் தீட்டிய அரிசி. அளந்து கொஞ்சம் தேங்காய் எண்ணெய். நெய்யும் முட்டையும் குறைவுதான், ஏனென்றால் அவளுக்குக் கொலஸ்ட்ராலும் தங்கும். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் "பிள்ளைக்கு ஒரு எள்ளுருண்டை கூடக் கொடுக்க மாட்டாயா" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்குகிறேன்.

பழம்தான் அவளுக்கு ஆசை. அம்மா வீட்டு வெண்ணெய்ப்பழத்தை இன்னும் கேட்கிறாள். வேறு எந்தப் பழத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம் ஐயா?

உயிர்வேதி (பெருமாள்மலை)

பேரிக்காய், பிளம்ஸ் இரண்டிலும் மிகக் குறைவு. 100 கிராமில் 10 மி.கி.யை ஒட்டித்தான் இருக்கும். பேரிக்காயைத் தோல் சீவிக் கொடுங்கள். அளவை மட்டும் உங்கள் உணவியல் நிபுணரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

தாண்டிக்குடித் தோட்டம்

அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். முடிந்ததும், "அந்தப் பிள்ளைக்கு நம் பழம் ஆகாது" என்று மட்டும் சொன்னார். சற்று நேரம் கழித்து, கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அறுத்து, பாதியை உப்பும் எங்கள் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிட்டார். மாத்திரையும் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. அதன் எண்களை இங்கேயே எழுதுகிறேன்.

பூம்பாறை இளைஞன்

அக்கா, எங்கள் வீட்டுப் பின்புறம் நாட்டுப் பேரி மரம் ஒன்று இருக்கிறது. காய் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், இரண்டு நாள் வைத்தால் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். எத்தனை மணிக்கு வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்கு வர முடியும் என்று மட்டும் எழுதுங்கள்.

வத்தலக்குண்டு அம்மா

பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன் தம்பி. அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் நிற்கும் பக்கம் நிற்போம்.